சித்தப்பாவின் பர்ஸில் இருக்கும் அட்டை

அன்புள்ள சித்தப்பா,

முட்டி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டீர்கள், பிசியோதெரபி பெண்ணிடம் மட்டும் தினமும் சண்டை என்று சித்தி போனில் சொன்னார். சண்டை போடத் தெம்பு வந்துவிட்டது என்றால் இந்தக் கடிதத்தையும் தாங்குவீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அம்மா என்னைத்தான் திட்டுவார். அதனால் இங்கே.

தீபாவளி அன்று உங்கள் வீட்டில் பாதியில் நின்ற பேச்சுதான். எல்லாருடைய வைத்தியச் செலவையும் அரசாங்கமே கட்டினால் அது சோஷலிசம், கனடாக்காரன் மாதிரி வரிசையில் நின்று சாக வேண்டியதுதான் என்றீர்கள். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால், அதே சாப்பாட்டு மேஜையில், பர்ஸிலிருந்து மெடிகேர் அட்டையை, 65 வயதானால் அரசாங்கம் தரும் காப்பீட்டின் அட்டையை, எடுத்து எல்லாருக்கும் காட்டினீர்கள். சிவப்பும் நீலமும் போட்ட காகித அட்டை. முட்டி ஆபரேஷனுக்கு நெட்வொர்க், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர் பட்டியல், தேடவில்லை, யாரிடமும் அனுமதிக்கு மன்றாடவில்லை, பிடித்த சர்ஜனிடம் போனேன், 41 வருஷ அமெரிக்க வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்றீர்கள். தனியார் நடத்தும் அட்வான்டேஜ் திட்டம் வேண்டாம் என்று பழைய மெடிகேரையே எடுத்ததும் அதற்காகத்தானாம்.

நான் கேட்பது அந்த அட்டையைத்தான், சித்தப்பா. 65 வயதுக்குக் காத்திருக்காமல், எல்லாருக்கும்.

சிங்கிள் பேயர் என்ற பெயர்தான் உங்களைப் பயமுறுத்துகிறது போல. டாக்டர் அவர் பாட்டுக்கு கிளினிக் நடத்துவார், ஆஸ்பத்திரி அது பாட்டுக்கு நடக்கும். பில்லைக் கட்டும் இடம் மட்டும் ஒன்று. உங்கள் முட்டியை மாற்றிய சர்ஜன் அரசாங்க ஊழியரா என்ன? அரசாங்கமே ஆஸ்பத்திரியும் டாக்டரும் வைத்திருக்கும் ஏற்பாடும் இந்த நாட்டில் இருக்கிறது, முன்னாள் ராணுவத்தினருக்கு. அதை யாரும் சோஷலிசம் என்று திட்டி நான் கேட்டதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். உங்களுக்குப் பாதி தெரியும். போன வருஷம் மார்ச்சில் பையன் பள்ளி மைதானத்தில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டான். பள்ளியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆறு வாரம் கழித்துத் தனியாக ஒரு பில் வந்தது, அந்த ஆம்புலன்ஸ் எங்கள் நெட்வொர்க்கில் இல்லை என்று. ஒன்பது வயதுப் பிள்ளை வலியில் கத்தும்போது, வந்த வண்டியை நிறுத்தி நீங்கள் எந்த நெட்வொர்க் என்று விசாரித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. இப்படித் திடீர் பில் போடக்கூடாது என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் அது ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்கு உண்டு, ரோட்டில் ஓடும் ஆம்புலன்ஸுக்கு இல்லை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான்.

இன்சூரன்ஸ் பணம் கொடுக்க ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு வருஷமும் நாமே கட்ட வேண்டிய தொகைக்கு டிடக்டிபிள் என்று பெயர். கோடை முடிவதற்குள் அந்த 4,000 டாலரைக் கட்டி முடித்தோம். அப்பாடா, இனி இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்தபோது, அக்டோபரில் இவருக்கு வேலை போனது. நடுவில் கோப்ரா. அதாவது, இதுவரை கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும் நாமே கட்ட வேண்டும், அதற்கு மேல் இரண்டு சதவீதம். சம்பளம் நின்ற மாதத்தில். நவம்பர் கடைசியில் புது வேலை, புது இன்சூரன்ஸ், டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து. ஜனவரி பிறந்ததும் இன்னொரு பூஜ்யம். பையனின் எலும்பு டாக்டர் புது நெட்வொர்க்கில் இல்லை. இத்தனைக்கும் நாங்கள் நல்ல வேலையில் இருக்கும், இன்சூரன்ஸ் உள்ள குடும்பம். இன்சூரன்ஸே இல்லாதவர்கள் 2023-இல் சுமார் 2.6 கோடிப் பேர்.

வேலையையும் வைத்தியத்தையும் யார் முடிச்சுப் போட்டது என்று பார்த்தால், யாரும் உட்கார்ந்து யோசித்துப் போட்டதாகத் தெரியவில்லை. 1942-இல் போர் நடக்கும்போது அரசாங்கம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆள் பிடிக்க வேறு வழியில்லாமல் கம்பெனிகள் இன்சூரன்ஸைக் கொடுத்தன. கம்பெனி கட்டும் பிரீமியத்துக்கு வரி இல்லை என்பதை 1954-இல் சட்டமாகவே எழுதினார்கள். போர்க்காலத்தில் அவசரத்துக்குப் போட்ட கொட்டகை. அதற்குத்தான் இன்னும் ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பெரிய ஆயுதம் வரி. 2018-இல் ஒரு ஆய்வு சொன்ன 32.6 லட்சம் கோடி டாலரை அன்று மேஜையில் தட்டிச் சொன்னீர்கள். பத்து வருஷத்தில் அரசாங்கத்துக்கு ஆகும் கூடுதல் செலவு. மெர்கேட்டஸ் மையத்தின் அந்த அறிக்கையைத் தேடிப் படித்தேன். அவர்களும் உங்கள் கட்சிதான், இந்தத் திட்டத்தை எதிர்ப்பவர்கள். அதே அறிக்கையின் அட்டவணையில், மெடிகேரை எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லும் செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் மசோதாவில் எழுதியபடியே நடந்தால் நாட்டின் மொத்த மருத்துவச் செலவு பத்து வருஷத்தில் சுமார் 2 லட்சம் கோடி டாலர் குறையும் என்றும் இருக்கிறது. டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் அவ்வளவு குறைந்த கட்டணத்துக்கு ஒத்துக்கொள்வார்களா என்பது அவர்கள் எழுப்பும் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் 32.6 என்பது புதிதாக எரியும் பணம் இல்லை, பாக்கெட் மாறும் பணம்.

இப்போது நாம் கட்டுவது வரி இல்லையா? 2024-இல் கம்பெனி மூலம் வரும் குடும்ப இன்சூரன்ஸின் சராசரி பிரீமியம் 25,572 டாலர். அதில் ஊழியர் கையிலிருந்து போவது 6,296. மீதி கம்பெனி போடும் பிச்சை என்று நினைக்கிறோம். கணக்கு தெரிந்தவர் நீங்கள், சொல்லுங்கள், அது நம் சம்பளமாக வந்திருக்க வேண்டிய பணம்தானே? சம்பளம் எவ்வளவானாலும் பிரீமியம் பெரும்பாலும் ஒன்றுதான், கார் தொழிற்சாலையில் தரை துடைப்பவருக்கும் மேலே உட்கார்ந்திருப்பவருக்கும். அப்படி ஒரு வரியைப் போட்டால் நீங்களே கொடி பிடித்திருப்பீர்கள்.

2023-இல் இந்த நாடு வைத்தியத்துக்குச் செலவழித்தது 4.9 லட்சம் கோடி டாலர். தலைக்கு 14,570. அதில் எவ்வளவு மருந்து, எவ்வளவு காகிதம்? 2017-ஆம் வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், மருத்துவச் செலவில் நிர்வாகத்துக்குப் போவது இங்கே 34 சதவீதம், கனடாவில் 17 சதவீதம் என்று வந்தது. நம்ப முடியாவிட்டால் எந்த கிளினிக்கின் பில்லிங் அறைக்காவது போய்ப் பாருங்கள். ஒவ்வொரு இன்சூரன்ஸுக்கும் ஒரு விதி, ஒரு மருந்துப் பட்டியல், ஒரு அனுமதிப் படிவம். நிராகரிக்க அங்கே ஆள், நிராகரித்ததை எதிர்த்து எழுத இங்கே ஆள். இருவருக்கும் சம்பளம் நம் பிரீமியத்தில். ஒரே இடம் பில் கட்டினால் இவர்களில் பலருக்கு வேலை போகும். அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கு மாற்று வழி செய்யும் செலவையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

அப்புறம் சிறுநீரகம். உங்கள் நண்பர் ஒருவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறாரே, ஐம்பது வயதுகூட ஆகாத அவருக்கு மெடிகேர் எப்படி என்று அன்று ஆச்சரியப்பட்டீர்கள். 1972-இல் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. சிறுநீரகம் செயலிழந்தால், வேலை பார்த்து வரி கட்டியவருக்கும் அவர் மனைவி பிள்ளைக்கும் வயது பார்க்காமல் மெடிகேர் உண்டு. ஆக, சிங்கிள் பேயர் அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கிறது, ஒரே ஓர் உறுப்புக்கு, அதுவும் அது கெட்ட பிறகு. இந்த நாட்டில் சிறுநீரகம் கெடுவதற்கு முதல் காரணம் சர்க்கரை நோய். நாற்பது வயதில் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வழியில்லாதவரை நாம் கண்டுகொள்வதில்லை. கிட்னி போனதும் ஆயுசுக்கும் டயாலிசிஸுக்குப் பணம் கட்டுகிறோம். இஞ்சின் சீஸ் ஆனால் புது இஞ்சின் இலவசம், ஆயில் மாற்றுவது மட்டும் உன் பாடு என்று உங்கள் கம்பெனி வாரன்ட்டி கொடுத்திருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

சோஷலிசம் என்ற வார்த்தையும் புதிது இல்லை. 1961-இல் மருத்துவர் சங்கத்துக்காக ஓர் இசைத்தட்டில் பேசிய ரொனால்ட் ரீகன், அப்போது அவர் நடிகர், இதே வார்த்தையைத்தான் சொன்னார். எதைப் பற்றி? முதியவர்களுக்கான காப்பீட்டைப் பற்றி. இன்று உங்கள் பர்ஸில் இருப்பதைப் பற்றி. 1965-இல் ஜனாதிபதி ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டு முதல் அட்டையை முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனுக்குக் கொடுத்தார், 1945-லேயே எல்லாருக்கும் காப்பீடு கேட்டுத் தோற்றவர் அவர் என்பதால். அடுத்த வருஷம் தெற்கு மாநில ஆஸ்பத்திரிகளில் ஒன்று நடந்தது. வெள்ளையருக்கு ஒரு வார்டு, கறுப்பருக்கு ஒரு வார்டு என்று வைத்திருந்தால் மெடிகேர் பணம் வராது என்றார்கள். பல வருஷ வழக்குகளில் அசையாத சுவர்கள் சில மாதங்களில் விழுந்தன. பில் கட்டுகிறவன் கையில் அவ்வளவு பலம்.

இனி உங்கள் கனடா. டெட்ராய்டில் நின்று ஆற்றைத் தாண்டித் தெற்கே பார்த்தால் வின்ட்சர். கனடா நமக்குத் தெற்கே இருக்கும் அதிசய ஊர் என்று நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். 2019-இல் பெர்னி சாண்டர்ஸ் சர்க்கரை நோயாளிகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டெட்ராய்டிலிருந்து அங்கே போனார். இங்கே விற்கும் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு அவர்கள் இன்சுலின் வாங்கி வந்தார்கள். அந்த விலைக்குக் காரணம், அங்கே மருந்து விலையில் அரசாங்கம் தலையிடுகிறது. வரிசை விஷயத்தில் நீங்கள் சொன்னது பொய் இல்லை. முட்டி மாதிரி அவசரமில்லாத ஆபரேஷனுக்கு அங்கே மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 12 சதவீதம் செலவழித்து அந்த வரிசை, நாம் 2023-இல் செலவழித்தது 17.6 சதவீதம். நம் வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அதில் நிற்பவர்கள் டாக்டரிடம் வருவதே இல்லை. கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்தில் டாமி டக்ளஸ் என்ற தலைவரின் கட்சி 1962-இல் அரசாங்கமே பில் கட்டும் ஏற்பாட்டை ஆரம்பித்தபோது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று எந்தக் கனடா அரசியல்வாதியும் அதை எடுத்துவிடுவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்பதில்லை.

இங்கேயும் இந்தக் கோரிக்கை உங்கள் ஊர்ச் சரக்குதான். 2003-இல் மெடிகேரை எல்லாருக்கும் விரிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவர் டெட்ராய்டின் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் கானியர்ஸ். இப்போது அந்தப் பொறுப்பைச் சுமப்பவர் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால். வெர்மான்ட் மாநிலம் 2011-இல் சட்டமே போட்டு, 2014-இல் வரிக் கணக்கைப் பார்த்து மிரண்டு கைவிட்டது. அதை நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சின்ன மாநிலம் தனியாக இழுக்கக்கூடிய தேர் இல்லை இது.

பழைய மெடிகேரும் தங்கம் இல்லை. இருபது சதவீதம் நம் தலையில், அதற்குத்தான் நீங்கள் தனியாக மெடிகாப் என்ற துணைக் காப்பீட்டை வாங்கியிருக்கிறீர்கள். பல்லுக்குக் கிடையாது, அதற்கு இன்னும் திருச்சிக்குத்தான் போகிறீர்கள்.

கடைசியாக சித்தி விஷயம். நீங்கள் 62-லேயே ஓய்வு பெற ஆசைப்பட்டு, இன்சூரன்ஸுக்காக மூன்று வருஷம் கூடுதலாக வேலைக்குப் போனது எனக்குத் தெரியும். நீங்கள் வேலையை விட்டதும் சித்தியின் காப்பீடும் போனது. அவருக்கு 61, சர்க்கரையும் உண்டு. இன்சூரன்ஸ் சந்தையில் நாமே தனியாக வாங்கும் திட்டத்தில் அவர் வயதுக்கு இளைஞர்களைவிட மூன்று மடங்கு வரை பிரீமியம் கேட்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. ஒரே வீடு, ஒரே குக்கர் சாதம், உங்களுக்கு அட்டை, அவருக்கு இன்னும் நான்கு வருஷம். போன வாரம் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வதாக என்னிடம் சொல்லிவிட்டு, சித்தப்பாவிடம் சொல்லாதே என்றார்.

சொல்லிவிட்டேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவரை வேண்டாம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்