ரீகனைத் தமக்கையின் நிழலாக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்துத் தீயோரை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரை, குளோஸ்டர் பிரபுவின் மகன் எட்மண்டுக்கு முதலிடம் தந்துவிட்டு, லியரின் மூத்த மகள்களான கானரிலையும் ரீகனையும் ஒரே அச்சில் வார்த்தவர்களாகக் கருதி ஒரு பத்தியில் முடித்துவிட்டது. எட்மண்டின் சூழ்ச்சித் திறன் பற்றி அதில் கூறியிருப்பவை எனக்கு உடன்பாடே. சகோதரிகளைப் பற்றிய தீர்ப்பைத்தான் ஏற்க முடியவில்லை.

எட்மண்டின் தீமைக்குக் கணக்கு உண்டு. முறைப்படி பிறக்காதவன் என்பதால் சொத்துரிமை இழந்தவன். தன் பிறப்பைத் தந்தையே பிறர் முன்னிலையில் வேடிக்கையாகப் பேசுவதை முதல் காட்சியிலேயே பார்க்கிறோம். போலிக் கடிதத்தால் அண்ணன் எட்கரை விரட்டுவதும், பின்னர்த் தந்தை குளோஸ்டரையே காட்டிக்கொடுப்பதும் பதவிக்கான படிகள். பிறர் துடிப்பதைக் கண்டு மகிழ அவனுக்கு நேரமில்லை. கானரிலின் முறையீட்டிலும் தொடக்கத்தில் சிறிது நியாயம் இருக்கிறது. நூறு வீரர்களோடு வந்து தங்கும் தந்தையை எந்த வீடுதான் எளிதில் தாங்கும்? அவள் ஐம்பதாகக் குறைக்கிறாள், ரீகன் இருபத்தைந்தாகக் குறைக்கிறாள். பேரம் இறங்கி இறங்கி வந்து, 'ஒருவர்தான் எதற்கு?' என்று முடித்து வைப்பவளும் ரீகனே.

பிறர் தொடங்கும் கொடுமையை ஒரு படி மேலே கொண்டுபோவது அவளது இயல்பு. லியரின் விசுவாச ஊழியன் கென்டை நண்பகல் வரை தொழுமரத்தில் மாட்டிவைக்கத் தன் கணவன் கார்ன்வால் ஆணையிடும்போது, இரவு வரை, இரவு முழுவதும் கூட என்று திருத்துகிறாள். மூன்றாம் அங்கத்தின் ஏழாம் காட்சியில் இது உச்சத்தை அடைகிறது. லியருக்கு உதவிய குளோஸ்டரின் கண்களைப் பிடுங்கும் யோசனையை முதலில் சொல்பவள் கானரில் என்பது உண்மை. ஆனால் முதியவர் பிடிபட்டு வருவதற்குள் அவள் எட்மண்டோடு புறப்பட்டுவிடுகிறாள். உடனிருப்பவள் ரீகன். விருந்தோம்பிய வீட்டுத் தலைவரின் தாடியைப் பிடுங்குகிறாள்; ஒரு கண் போனதும், மற்றது அதைக் கேலி செய்யும், அதையும் எடுங்கள் என்கிறாள்; தடுக்க வாளெடுத்த பணியாளைப் பின்புறமாகக் குத்திக் கொல்கிறாள். பார்வையிழந்தவர் மகன் எட்மண்டை அழைத்துக் கதறும்போது, காட்டிக்கொடுத்தவனே அவன்தான் என்ற செய்தியை அவரிடம் சொல்பவளும் அவளே. அந்தச் செய்தியால் அவளுக்கு எந்த ஆதாயமும் இல்லை என்பதைக் கட்டுரையாளர் கருத்தில் கொண்டிருக்க வேண்டும். பிறகு அவரை உயிரோடு விட்டது தவறு என்று அவள் வருந்துவதுகூட, கண்ணிழந்த அவரைக் காண்போரின் மனம் தங்களுக்கு எதிராகத் திரும்பும் என்ற அச்சத்தினால்தான்.

கானரில் தங்கை ரீகனுக்கு நஞ்சிட்டு, தானும் குத்திக்கொண்டு மாள்கிறாள். எட்மண்ட் சாகும் தறுவாயில் லியரின் கடைசி மகள் கார்டீலியாவைக் காப்பாற்ற முயல்கிறான். அது பலிக்காமல் போனாலும் முயற்சி உண்மையானது. ரீகனுக்கோ, நஞ்சின் வேதனையைச் சொல்வதைத் தவிர, மனம் திரும்பியதைக் காட்டும் ஒரு வரியைக்கூட ஷேக்ஸ்பியர் எழுதவில்லை.

ரீகனை மட்டும் தனித்து ஆராயும் கட்டுரை ஒன்றைத் தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.