டிக் போட்டால் கோர் கூடிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் கணினியின் வேகத்தைக் கூட்ட ஒரு வழி சொல்லியிருந்தீர்கள். விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, ‘பூட்’ பகுதியில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய், ‘நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்’ கட்டத்தில் டிக் போட்டு, பட்டியலில் உள்ள பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் சும்மா கிடக்கும் கோர்கள் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) எல்லாம் வேலைக்கு வந்துவிடுமாம். வராது. அது உச்சவரம்பு வைக்கிற கட்டம். டிக் இல்லையென்றால் வரம்பு இல்லை. இருக்கிற கோர் அத்தனையையும் விண்டோஸ் தானே எடுத்துக்கொள்ளும். டிக் போட்டு 8 வைத்தால் ‘எட்டுக்கு மேல் எழுப்பாதே’ என்று பொருள்.

இந்த நம்பிக்கை பரவியதற்குக் காரணம் அந்தத் திரையிலேயே இருக்கிறது. டிக் போடாதபோது கட்டத்துக்குள் மங்கலாக ‘1’ என்று தெரியும். பார்க்கிறவர், நம் கணினி இத்தனை நாளும் ஒரே கோரில்தான் ஓடியிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார். செயல்படாத கட்டத்தில் கிடக்கும் எண் அது; அதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்தக் குறிப்பில் கெர்னலையும் ‘கரு’ என்று எழுதியிருக்கிறீர்கள், கோரையும் ‘கரு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘கரு எல்லாக் கருக்களையும் இயக்கும்’ என்றால் வாசகர் எதை எதுவென்று புரிந்துகொள்வார்? கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையமான மென்பொருள், கோர் என்பது சிலிக்கான். நல்ல தமிழ்ச் சொற்கள் இரண்டு நிலைபெறும்வரை கெர்னல், கோர் என்றே எழுதுவது மேல்.

இனி விஷயம். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் பவர் பட்டனை அழுத்தியதும் எல்லாக் கோர்களும் சேர்ந்து விண்டோஸையோ லினக்ஸையோ இயக்கத் தொடங்குவதில்லை. வன்பொருளே ஒரு கோரைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கும். கணினியை முதலில் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் (இப்போது யுஇஎஃப்ஐ) அந்தக் கோரில் ஓடும். மற்ற கோர்களை அது ஒருமுறை எழுப்பி, எண்ணிப் பார்த்து, தயார் செய்து, மறுபடி நிறுத்திவைக்கும். எண்ணிய கணக்கை நினைவகத்தில் ஓர் அட்டவணையாக எழுதி வைத்துவிட்டுக் கெர்னலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். ஆக, கெர்னலின் முதல் வரி ஓடும்போது உயிரோடிருப்பது ஒரே ஒரு கோர். மற்றவை எத்தனை என்பதற்குக் கெர்னல் முதலில் பார்ப்பது அந்த அட்டவணையை.

அட்டவணையின் பெயர் எம்ஏடிடி. ஆனால் அதன் தலையில் இருக்கும் நான்கெழுத்து முத்திரை ‘ஏபிஐசி’. சொந்தமாக இயங்குதளம் எழுதிப் பார்க்கும் மாணவர்கள் எம்ஏடிடி என்று தேடி ஒன்றும் கிடைக்காமல் திண்டாடுவது வழக்கம். அங்கே போவதற்கே ஒரு சங்கிலி உண்டு: ஆர்எஸ்டிபி என்ற சின்னக் குறிப்பு எக்ஸ்எஸ்டிடி என்ற பட்டியலைக் காட்டும், பட்டியல் எம்ஏடிடியைக் காட்டும். யுஇஎஃப்ஐ கணினியில் ஆர்எஸ்டிபியின் முகவரி கையிலேயே தரப்படும். பழைய பயாஸில், 1 எம்பிக்குக் கீழே உள்ள கடைசி 128 கேபியை 16 பைட்டுக்கு ஒருமுறை தாவித் தாவித் தேட வேண்டும். அங்கே அகப்படாவிட்டால் பயாஸ் தனக்கென ஒதுக்கிய பகுதியின் முதல் 1 கேபியிலும் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அட்டவணையிலும் எல்லா பைட்டுகளையும் கூட்டினால் கடைசி எட்டு பிட் சுழியாக வர வேண்டும். வராவிட்டால் அட்டவணை பழுது.

எம்ஏடிடியின் முதல் 44 பைட் தலைப்பு. அதன்பின் வரும் பதிவுகளில் கோருக்கு உரியவை இப்படி இருக்கும்:

00 08 00 00 01 00 00 00
00 08 01 02 01 00 00 00
00 08 02 04 01 00 00 00

முதல் பைட் பதிவின் வகை. 00 என்றால் பிராசசர். அடுத்த 08, பதிவின் நீளம். மூன்றாவது பயாஸ் தன் வசதிக்கு வைத்த எண். நான்காவதுதான் முக்கியம்: ஏபிஐசி ஐடி, அதாவது அந்தக் கோரைக் கூப்பிட வேண்டிய முகவரி. மீதி நான்கும் கொடிகள், அதாவது ஆம்-இல்லை என்று காட்டும் குறிகள். அதில் 01 இருந்தால் கோர் பயன்பாட்டுக்கு உண்டு. 00 என்றால் இடம் மட்டும் ஒதுக்கியிருக்கிறது, ஆள் இல்லை. கெர்னல் நீளத்தைப் பார்த்து அடுத்த பதிவுக்குத் தாவும். தெரியாத வகை வந்தால் நீளத்தை வைத்து அதைத் தாண்டிவிட வேண்டும். நீளம் 00 என்று பழுதான பதிவு வந்தால் தாவலே நடக்காது. அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு தடுப்பு எழுதாத கெர்னல் அங்கேயே உறைந்துவிடும்.

ஏபிஐசி ஐடி ஏன் 0, 2, 4 என்று போகிறது? கடைசி பிட் ஹைப்பர்த்ரெடிங்குக்கு, அதாவது ஒரே கோர் இரண்டு வேலைகளை ஒருசேரப் பார்க்கும் வசதிக்கு. ஒரு கோருக்குள் இருக்கும் இரண்டு த்ரெட்களை அந்த பிட்தான் பிரிக்கிறது. 6 கோர் உள்ள சிப்பை எடுத்துக்கொண்டால், கோரைக் குறிக்க 3 பிட், த்ரெட்டுக்கு 1 பிட், மொத்தம் 16 இடங்கள், நிரம்புவது 12. இரண்டாவது சாக்கெட் (சிப்பைப் பொருத்தும் இடம்) இருந்தால் அது 16-இலிருந்து தொடங்கும். ஐடிகளுக்கு நடுவே ஓட்டை இருப்பது இயல்பு. ஆகவே ‘கடைசி ஐடியோடு ஒன்றைக் கூட்டினால் கோர் எண்ணிக்கை’ என்று கணக்கிடுகிறவர்கள் ஏமாறுவார்கள். எத்தனை பிட் எதற்கு என்பதை, சிப்பிடமே விவரம் கேட்கும் சிபியுஐடி கட்டளையை 11 என்ற எண்ணோடு கேட்டு அறிய வேண்டும். புதிய இன்டெல் சிப்களில் 31.

‘லாஜிக்கல் பிராசசரை (அதாவது த்ரெட் எண்ணிக்கையை) இரண்டால் வகுத்தால் கோர்’ என்ற பழைய கணக்கும் 2021-இல் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறையோடு செத்துவிட்டது. ஐ9-12900கே-யில் 8 பெரிய கோர், 8 சிறிய கோர். பெரியவற்றுக்கு மட்டும்தான் இரண்டு த்ரெட். விண்டோஸ் காட்டும் 24-ஐ இரண்டால் வகுத்தால் 12 வரும். உண்மையில் இருப்பது 16.

எண்ணி முடித்ததும் எழுப்ப வேண்டும். தலைமைக் கோர் ஒவ்வோர் ஏபிஐசி ஐடிக்கும் முதலில் இனிட் என்ற சமிக்ஞையை அனுப்பும். 10 மில்லிநொடி பொறுத்து சிபி என்ற சமிக்ஞை. பிறகு 200 மைக்ரோநொடி கழித்து இன்னொரு சிபி. முதலாவதிலேயே எழுந்துவிட்ட கோர் இரண்டாவதைக் கண்டுகொள்ளாது. சிபியோடு ஒரே ஒரு பைட் போகும். அதை 4096-ஆல் பெருக்கினால் வருவதுதான் அந்தக் கோர் ஓட வேண்டிய முதல் கட்டளையின் முகவரி. பதினாறடிமான எண்ணில் 99 அனுப்பினால் 99000-இல் தொடங்கும். எழுகிற கோர், அது எவ்வளவு புதிய சிப்பாக இருந்தாலும், 1978-இன் 8086 போல 16 பிட் நிலையில்தான் கண் விழிக்கும். 1 எம்பிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. அதனால் கெர்னல் ஒரு சின்ன நிரலை அந்த 1 எம்பிக்குள் முன்கூட்டியே வைத்திருக்கும். அது கோரை 32 பிட்டுக்கும் அங்கிருந்து 64 பிட்டுக்கும் ஏற்றி, அதற்கென்று தனி ஸ்டாக் (தற்காலிகக் கணக்குகளை வைக்கும் நினைவக இடம்) கொடுத்துக் கெர்னலுக்குள் அனுப்பும். இரண்டு கோர்களுக்குத் தவறி ஒரே ஸ்டாக் போய்விட்டால், ஒருமுறை பூட் ஆகும், மறுமுறை ஆகாது. அந்த வகைப் பிழையைப் பிடிப்பது பெரும்பாடு.

அந்த 10 மில்லிநொடி அற்பமாகத் தோன்றும். 64 த்ரெட் உள்ள சர்வரில் ஒவ்வொன்றாக எழுப்பினால் 63 தடவை. அரை நொடிக்கு மேல் வெறும் காத்திருப்பு. புதிய சிப்களுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை என்று 2015-இல் லினக்ஸ் அதைக் கைவிட்டது. 2023-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து கோர்களை ஒரே நேரத்தில் எழுப்பவும் செய்கிறது.

இதெல்லாம் ஏஆர்எம் சிப்களுக்கு அப்படியே பொருந்தாது. ராஸ்பெர்ரி பை போன்ற பலகைகளில் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் கோர்களின் பட்டியல் இருக்கும். பை 3-இல் மற்ற மூன்று கோர்களும் ஆளுக்கொரு நினைவக இடத்தைப் பார்த்தபடி காத்திருக்கும். கெர்னல் அதில் முகவரியை எழுதித் தட்டியதும் ஓடும். வேறு பலகையின் டிவைஸ் ட்ரீயைப் போட்டுவிட்டால் ஒற்றைக் கோரோடு பூட் ஆகி நிற்பதும் உண்டு.

உங்கள் வாசகர்களுக்குப் பயன்படக்கூடியது, கோர் உண்மையிலேயே குறைவாகத் தெரிந்தால் என்ன செய்வது என்பதுதான். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சிபியுவைச் சொடுக்கினால் கோர், லாஜிக்கல் பிராசசர் எண்ணிக்கைகள் தெரியும். சிப் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைந்தால், ஒரு பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, டெர்மினலில் எல்எஸ்சிபியு கட்டளையைக் கொடுங்கள். லினக்ஸில் முழு எண்ணிக்கை வந்தால் கோளாறு விண்டோஸின் அமைப்பில். பெரும்பாலும் இந்த டிக்தான். லினக்ஸிலும் குறைந்தால் பயாஸில் யாரோ கோர்களையோ ஹைப்பர்த்ரெடிங்கையோ அணைத்திருப்பார்கள். அணைத்த கோர் எம்ஏடிடியில் பயன்பாட்டுக்கு உரியதாக வராது. எந்தக் கெர்னலாலும் அதை எழுப்ப முடியாது.

விர்ச்சுவல் மெஷினில் (மென்பொருளால் உருவாக்கிய போலிக் கணினியில்) சிக்கல் வேறு. நான்கு சாக்கெட், சாக்கெட்டுக்கு ஒரு கோர் என்று அமைத்து விண்டோஸ் ஹோம் பதிப்பை ஏற்றினால் ஒரே கோர்தான் ஓடும். ஹோம் பதிப்புக்கு ஒரு சாக்கெட்தான் அனுமதி, புரோவுக்கு இரண்டு. ஒரு சாக்கெட், நான்கு கோர் என்று மாற்றினால் தீர்ந்தது. லினக்ஸில் இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று: இரண்டே கோர் கொடுத்த மெஷினில் நூற்றுக்கு மேல் கோர் ‘வரக்கூடும்’ என்று பூட் செய்தி சொல்வதும் உண்டு. பின்னால் செருகிக்கொள்ள விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் ஒதுக்கிய காலி இடங்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் கெர்னல் கொஞ்சம் நினைவகத்தை எடுத்து வைத்துவிடும் என்பதுதான் கவலை.

அப்படியானால் அந்த டிக்கால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். 8 த்ரெட் கணினியில் 8 என்று போட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. அந்த எண் டிஸ்கில் உள்ள பூட் அமைப்பில் பதிந்துவிடும். நாளைக்கு 16 த்ரெட் சிப் வாங்கிப் போட்டாலும், அதே எஸ்எஸ்டியை வேறு கணினியில் மாட்டினாலும், விண்டோஸ் எட்டோடு நின்றுவிடும். புது சிப்பே பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

குறிப்பில் பக்கத்திலுள்ள ‘மேக்சிமம் மெமரி’ கட்டத்திலும் டிக் போடச் சொல்லியிருப்பது இதைவிட மோசம். அது ‘இத்தனை எம்பி பயன்படுத்து’ என்ற கட்டளை இல்லை. ‘இந்த முகவரிக்கு மேல் உள்ள நினைவகத்தைத் தொடாதே’ என்பது. 4 ஜிபிக்குக் கீழே ஒரு பகுதி முகவரிகளை கிராஃபிக்ஸ் முதலான சாதனங்கள் பிடித்துக்கொள்வதால், அங்கே இருக்க வேண்டிய ரேம் உச்சிக்கு மேலே நகர்த்தப்பட்டிருக்கும். 8 ஜிபி கணினியில் 8192 என்று எழுதினால் அந்த நகர்ந்த பகுதி முழுக்கப் போய்விடும். ரேமை முழுசாகப் பயன்படுத்தப் போய், இருந்ததையும் இழப்பதுதான் மிச்சம்.

திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறோம். அதில் இரண்டு டிக்கையும் எடுத்து ஓகே கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி பவர் போட்டால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினிகளில் கெர்னல் புதிதாகத் தொடங்காமல், டிஸ்கில் சேமித்த தன் பழைய நிலையையே எடுத்துக்கொண்டு தொடரும். மாற்றியது மாறாததுபோலவே தெரியலாம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் தொழிலில் இருக்கும் வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.