குண்டு ஓடும் வழியில் விளக்கு

மஸ்கெலியா

அன்பு மகளுக்கு,

நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் சுகம்தானே? இங்கே குளிருக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றப்படி குறையில்லை.

பொங்கல் லீவுக்கு வந்தபோது ஆடிய பின்போல் மேசை, அதுதான் சாய்ந்த பலகையில் குண்டை உருள விட்டுத் துடுப்பால் அடிக்கிற மேசை, அது மாதிரி வத்தளை வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று பேரன் அடம்பிடிப்பதாகச் சொன்னாய். எப்படிச் செய்வது என்று எழுதி அனுப்பச் சொன்னாயே, இதோ எழுதுகிறேன். போனில் சொன்னால் அளவுகள் எல்லாம் மாறிப்போகும்.

அதற்கு முன் உன் மாமியாரின் கவலைக்கு ஒரு பதில். சூதாட்டப் பெட்டி மாதிரி இருக்கிறதே என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆரம்பத்தில் இந்த விளையாட்டில் ஸ்பிரிங் கோலை இழுத்து விடுவதோடு ஆடுகிறவரின் வேலை முடிந்துவிடும். அப்புறம் குண்டு ஆணிகளில் பட்டு எந்தக் குழியில் விழுகிறதோ அதுதான் கணக்கு. அந்த ஸ்பிரிங் கோலுக்கு மொண்டேகு ரெட்கிரேவ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1871இல். கீழே வருகிற குண்டைத் திருப்பி அடிக்கிற துடுப்புகள் 1947இல்தான் வந்தன. நியூயோர்க்கில் 1942 முதல் 1976 வரை இதற்குத் தடை இருந்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகரசபைக் குழுவின் முன்னால் மெசினை வைத்து, குண்டு எந்த வழியால் போகும் என்று முதலிலேயே சொல்லி, அதே வழியால் அனுப்பிக் காட்டினார். கைத்திறன்தான் என்று ஒப்புக்கொண்டு தடையை எடுத்தார்கள். நீ துடுப்பை ஒழுங்காகச் செய்து மாமியாரையே ஒரு ஆட்டம் ஆட விடு.

இப்போது வேலைக்கு வருவோம். பேரனுக்கு விளக்குத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பல்புகூட இல்லாத வெறும் பலகையில் குண்டு நன்றாக ஓடி, அதுவே ஆட ஆசையாக இருக்கும்வரை நீ வயரைத் தொடாதே. பென்சிலால் கோடு போட்டு, ஆணிகளைப் பிடுங்கக்கூடிய மாதிரி அடித்து, ரப்பர் மாட்டி, சில நாள் பேரனை ஆட விடு. குண்டு அடிக்கடி போகிற இடம் எது, எவ்வளவு அடித்தாலும் போகாத இடம் எது, எங்கே போனால் அவன் கத்துகிறான் என்று பக்கத்தில் இருந்து பார். விளக்கு வைக்கவேண்டிய இடம் அப்போது தெரியும். குண்டுக்கு வேலை இல்லாத இடத்தில் விளக்கு மின்னினால் பிள்ளையின் கண் அங்கே போகும், குண்டு நடுவால் விழுந்துவிடும். நான் இந்தக் கடிதம் எழுதுவதே முக்கியமாக இதைச் சொல்லத்தான்.

ஆடுதளத்துக்கு 12 மில்லிமீற்றர் ப்ளைவூட் எடு. பெரிய மெசின்களில் அது ஏறக்குறைய 20 அங்குல அகலம், 42 அங்குல நீளம். உங்கள் வீட்டுக்கு 18க்கு 30 போதும். கடையில் பலகையை நிமிர்த்தி ஓரத்தோடு கண்ணை வைத்துப் பார், வளைவு இருந்தால் வேண்டாம். இரண்டு பக்கமும் வார்னிஷ் அடிக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வளையும். எங்களுக்கு மழையும் பனியும், உங்களுக்கு உப்புக் காற்று. இரண்டிலும் மரம் ஒரே பாடுதான் படும்.

பின்னால் நிற்கிற விளக்குப் பெட்டிக்கான பலகையை நான் தருகிறேன். நான் பெக்டரியில் சேர்ந்த காலத்தில் தேயிலை ப்ளைவூட் பெட்டியில்தான் கொழும்புக்குப் போனது. அப்புறம் கடதாசிச் சாக்கு வந்துவிட்டது. அந்தப் பழைய பெட்டிப் பலகைகள் சில என்னிடம் இருக்கின்றன. உள்ளே ஒட்டியிருக்கிற ஈயத்தாள் மாதிரியான அலுமினியத் தாளைப் பிய்க்காதே. விளக்குப் பெட்டிக்குள் வெளிச்சத்தை முன்னால் திருப்பிவிட அதைவிட நல்ல சாமான் கிடைக்காது.

சாய்வு ஆறரை பாகை. 30 அங்குலப் பலகைக்குப் பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஏறக்குறைய 3½ அங்குலம் உயர்ந்திருந்தால் சரி. குண்டை பஞ்சிகாவத்தையில் பெயரிங் விற்கிற கடைகளில் கேள். பெரிய மெசின் குண்டு 27 மில்லிமீற்றர், 80 கிராம். நமக்கு 20 மில்லிமீற்றர் போதும், அது 33 கிராம் அளவில் வரும். கண்ணாடிக் கோலிக்குண்டு வேண்டாம். அதே அளவு எஃகுக் குண்டு மூன்று மடங்கு கனம், அந்தக் கனம்தான் ஆட்டத்துக்கு உயிர்.

துடுப்பைக் கரண்டில் ஓட்டாமல் கையாலேயே தள்ளுகிற மாதிரி செய். கரண்டில் ஓடும் துடுப்புக்கு இரண்டு சுற்றுள்ள கொயில், அதாவது கம்பிச் சுருள், வேண்டும், ஒன்று பலமாக இழுக்க, இன்னொன்று பிடித்து வைத்திருக்க. துடுப்பு உச்சிக்குப் போனதும் பலமான சுற்றை ஒரு சின்ன சுவிட்ச் வெட்டிவிட வேண்டும். அது வெட்டாவிட்டால் பிள்ளை பட்டனை அமுக்கிப் பிடித்திருக்கும்போதே கொயில் கருகும். ஏழு வயதுப் பையன் ஆடுகிற மேசைக்கு அது தேவையில்லை. துடுப்பின் அச்சைப் பலகைக்குக் கீழே இறக்கி, அதில் ஒரு சின்னக் கை பூட்டு. அச்சின் நடுவிலிருந்து 14 மில்லிமீற்றரில் தள்ளுகோல் பட்டால், பட்டனை 12 மில்லிமீற்றர் அமுக்கும்போது துடுப்பு 50 பாகை அளவுக்குத் திரும்பும். கையின் நீளத்தைக் கூட்டினால் துடுப்பு சோம்பலாகத் திரும்பும், குறைத்தால் விரல் வலிக்கும். திரும்பி வர ஒரு ஸ்பிரிங், இரண்டு பக்கமும் நிறுத்த ரப்பர் சுற்றிய மரக்குச்சி. துடுப்பு நுனிகளுக்கு நடுவில் குண்டைப்போல ஒன்றரை மடங்கு இடைவெளி விடு. ஓர ரப்பருக்கு சைக்கிள் டியூபை வெட்டிக்கொள்.

இனி விளக்கு. நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் குப்பி விளக்குத்தான். லக்ஷபான தண்ணீரில் கரண்ட் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள், எங்கள் வரிசைக்கு மட்டும் அது பிந்தித்தான் வந்தது. ஆனால் டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பாதையில் விளக்கு எரியும். இரவில் வாசலில் நின்றால் நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து உச்சிவரை அந்த வரிசை தெரியும். பிற்காலத்தில் நான் வயர்மேன் ஆனதே அதைப் பார்த்துப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். அதனால் என் மேசைக்கு வேறு கதை தேடவில்லை. உச்சியில் நாலு ஒடுங்கிய வழி: ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி. நாலிலும் குண்டு உருண்டால் நாலு விளக்கும் எரிந்து மலைப்பாதை திறக்கும். அப்புறம் ஒவ்வொரு இலக்கில் அடிக்கும்போதும் பாதையில் ஒரு விளக்கு மேலே ஏறும். உச்சியைத் தொட்டால் பின்பெட்டியில் வானம் நீலத்திலிருந்து செம்மஞ்சளுக்கு மாறும். பேரன் அங்கே கத்தியது இதற்குத்தான். உங்கள் மேசைக்கு அவனே ஒரு கதை சொல்லட்டும். கடலோ வத்தளை பஸ்ஸோ எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அவன் தினமும் பார்க்கிற ஒன்றாக இருந்தால் போதும்.

பலகைக்குள் விளக்கைப் பதிப்பதற்குப் பொறுமை வேண்டும். பெயர்ப்பலகை எழுதுகிற கடையில் 3 மில்லிமீற்றர் பெர்ஸ்பெக்ஸ் வெட்டுத்துண்டு சும்மா தருவார்கள். அதை வட்டமாக வெட்டிக்கொள். பலகையில் அதே அகலத்துக்கு 3 மில்லிமீற்றர் ஆழம் தட்டையாகக் குடைந்து, அதன் நடுவில் சிறிய துளையைக் கீழே வரை இறக்கு. வட்டத்தை எபொக்சியில் ஒட்டி, காய்ந்த பிறகு 400 நம்பர் தாளால் பலகையோடு சமமாகும்வரை தேய். விரல் நகத்தை ஓட்டிப் பார், நகம் தட்டினால் குண்டும் தட்டும். கீழ்ப்பக்கத்தில் ட்ரேசிங் தாள் ஒட்டி, அதற்குக் கீழே 20, 25 மில்லிமீற்றர் தள்ளி விளக்கை வை. ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு புள்ளி மட்டும் கண்ணைக் குத்தும். ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு கடதாசிக் குழாய் இருக்கட்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் துளையும் சேர்ந்து மினுங்கும், எது எரிகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது.

விளக்குக்கு டபிள்யூஎஸ் 2812 என்கிற எல்ஈடி பட்டி வாங்கு. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சின்ன சிப் இருப்பதால் ஒரே வயரில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறம் சொல்லலாம். பட்டியில் இருக்கிற அம்புக்குறி காட்டுகிற பக்கமாகத்தான் சிக்னல் போகும், வெட்டிச் சொல்டர் பண்ணும்போது அதைப் பார்த்துக்கொள். முழு வெள்ளையில் ஒரு விளக்கு 60 மில்லிஅம்பியர் வரை இழுக்கும். என்னுடையதில் 40 விளக்கு, 2.4 அம்பியர். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு மேல் போடாதே, அதுவே போதும். கரண்ட்டுக்குப் பழைய கொம்ப்யூட்டரின் பவர் சப்ளை நல்லது. பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடத் தொடங்கும், 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் கிடைக்கும். ஆனால் இதை நன்றாகக் கேள். அந்த 5 வோல்ட் லைனில் ஒரு வயர் உரசினால்கூட அது நிற்காமல் பத்து, இருபது அம்பியர் தள்ளும். மெல்லிய வயர் சிவந்து மரம் பிடித்துக்கொள்ளும். 3 அம்பியர் ஃபியூஸ் போடாமல் ஒரு நிமிடமும் ஓட்டக்கூடாது. 230 வோல்ட் அந்த இரும்புப் பெட்டியோடு நிற்க வேண்டும், மேசைக்குள் வரக்கூடாது. விளக்குப் பட்டியின் தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒன்று, சிக்னல் வயரில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சுவிட்சைப் பார்த்து விளக்கை எரிக்கிற சின்னக் கொம்ப்யூட்டரான ஆர்டுயினோ போர்டின் கறுப்பு வயரும் பவர் சப்ளையின் கறுப்பு வயரும் சேர்ந்திருக்க வேண்டும்.

புரோகிராமைப் பக்கத்து வீட்டுத் தம்பிதான் எழுதினான், அதையும் அனுப்புகிறேன். அவன் சொல்லித் தந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. வேகமாகப் போகிற குண்டு ஒரு சுவிட்ச் கம்பியில் நிற்பது பத்து மில்லிசெக்கன்ட் அளவுதான். விளக்கை அழகாக மின்ன வைப்பதற்கு போர்டைக் காத்திருக்கச் சொன்னால், அந்த நேரத்தில் குண்டு கடந்து போனது அதற்குத் தெரியாது. பிள்ளை அடித்த அடிக்குப் புள்ளி வராது. காத்திருக்கச் சொல்கிற கட்டளையே இல்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் முதலில் சுவிட்ச், பிறகு விளக்கு என்று எழுதியிருக்கிறான். ஒரு விளக்குக்கு நிறம் அனுப்ப 30 மைக்ரோசெக்கன்ட், நாற்பதுக்கும் சேர்த்து ஒன்றேகால் மில்லிசெக்கன்ட்கூட ஆகாது. அதனால் குண்டை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். சுவிட்சுக்குப் பழைய கொம்ப்யூட்டர் மவுஸ்களைக் கழற்று. மெதுவாகத் தொட்டாலே கிளிக் ஆகிற சுவிட்ச் அதற்குள் இருக்கும். இரண்டு பித்தளை ஆணியைக் குண்டே இணைக்கிற மாதிரி சிலர் செய்வார்கள். உப்புக் காற்றில் பித்தளை கறுத்துவிடும், வேண்டாம்.

பின்பெட்டியின் ஓரத்தில் ஓடுகிற விளக்கு வரிசை மட்டும் போர்டில் இல்லை. வெசாக் தோரணைகளில், அந்த விளக்குப் பந்தல்களில், முன்பெல்லாம் வைத்த மர உருளை உனக்கு ஞாபகம் இருக்கும், ஹட்டனில் தோரணைக்குப் பின்னால் தூக்கிப்போய்க் காட்டியிருக்கிறேன். உருளையில் செப்புத் தகடுகளை வெட்டி ஒட்டி, அது சுற்றும்போது தொடுகம்பிகள் தகட்டில் படுகிற நேரம் பல்ப் எரியும், விலகினால் அணையும். தகட்டை எப்படி வெட்டுகிறோமோ அப்படித்தான் விளக்கு ஓடும். பழைய பின்போல் மெசின்களுக்குள்ளும் மோட்டரில் சுற்றுகிற தட்டுகள்தான் சுவிட்சுகளைத் திறந்து மூடின. கொம்ப்யூட்டர் சிப் அதற்குள் வந்தது எழுபதுகளின் பின்பாதியில். நான் வைப்பர் மோட்டரை 5 வோல்ட்டில் மெதுவாக ஓட்டி, உருளையை 12 வோல்ட் விளக்குகளுக்கு வைத்திருக்கிறேன். போர்டுக்குள் நடப்பதைப் பேரனால் பார்க்க முடியாது. உருளையைப் பார்த்தால் எந்தத் தகடு எந்த விளக்கை எரிக்கிறது என்று அவனே விரலால் காட்டுவான். அதற்காகவே உங்களுக்கும் ஒன்று கடைந்து தரச் சொல்லி மரவேலை பாஸிடம் சொல்லிவிட்டேன்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகும்போது ஆர்டுயினோ போர்ட் இரண்டாக வாங்கு, எனக்கும் ஒன்று மேலதிகமாக இருக்கட்டும். விளக்குப் பட்டி ஒரு மீற்றருக்கு 60 உள்ளதாகப் பார். ஃபியூஸும் அதைப் பிடிக்கிற ஹோல்டரும் மறக்காதே. கால்களை நான் இங்கே சவுக்கு மரத்தில் வெட்டித் தருகிறேன். அதற்குப் பேரனை வெறுங்காலோடு நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்கைவரை அளந்து எழுது. வளர்கிற பிள்ளை, ஆறு அங்குலம் கூட்டி வெட்டிவிட்டு, இப்போதைக்கு நிற்க ஒரு பலகைப் படியும் சேர்த்துச் செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா