கறுப்புக் காய் வந்தால் அழுவாயே

கோவை

அன்புள்ள கண்ணுவுக்கு,

பியோட்ர்கோவ்ஸ்கா வீதியில் வெண்கலப் பியானோ அருகே நின்று நீ எடுத்த படம் வந்தது. "உங்கள் ரூபின்ஸ்டைன்" என்று எழுதியிருக்கிறாய். அவர் பியானோ வாசித்த ஆர்தர், கண்ணு. என் ஆள் செஸ் ஆடிய அகிபா. போகட்டும், நான் 'லோட்ஸ்' என்று படித்துவந்த அந்தப் போலந்து ஊரை 'வூச்' என்று திருத்தியவள் நீ. கணக்குச் சரி.

அந்த ஊரும் பஞ்சாலை ஊர்தான், நம் ஊரைப் போல. 1907-இல் அங்கே நடந்த போட்டியில் ரொட்லெவி வெள்ளை, அகிபா கறுப்பு. கறுப்புக் காய் வந்தாலே நீ அழுவாய். அப்போதெல்லாம் அந்த ஆட்டத்தைத்தான் போட்டுக் காட்டுவேன். தொலைந்த யானைக்குப் பதிலாக நூல் சுற்றும் மில் பாபின் ஒன்று நிற்கும்.

22-ஆவது நகர்த்தலில் தன் ராணி வெட்டுப்படும் இடத்தில் நிற்க, அகிபா அதைக் கண்டுகொள்ளாமல் யானையால் குதிரையை வெட்டுவார். ராணி போகும். அடுத்து பாபினையும் எதிரி ராணியின் முன்னே கொண்டுபோய் வைப்பார். அதுவும் போகும். 25-ஆவது நகர்த்தலில் மிஞ்சிய யானை h3 கட்டத்துக்கு வந்ததும் ரொட்லெவி ஆட்டத்தை விட்டுவிடுவார். நீ கை தட்டுவாய்.

நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். உனக்கு நான் தப்பான இடத்தைக் காட்டியிருக்கிறேன். விஷயம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. வெள்ளை ராணி d2-க்குப் போய், பிறகு பக்கத்துக் கட்டத்துக்கு நகர்கிறது. வெள்ளை மந்திரி d3-க்கு வந்து, சிப்பாயை வெட்டி, மீண்டும் d3-க்கே திரும்புகிறது. இப்படிப் போவதும் வருவதுமாக வெள்ளையின் நகர்த்தல்கள் வீணாகின்றன. கண்ணாடியில் பார்ப்பது போல இரு பக்கமும் ஒன்றாகவே தெரியும். ஆனால் பின்னால் தொடங்கிய கறுப்பு அதற்குள் முந்திவிட்டது. இத்தனை வருடம் ராணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசா தாமதமானதால் வகுப்பில் மூன்று வாரம் பின்தங்கிவிட்டதாகச் சொன்னாய் அல்லவா, அன்றைக்கு இரவுதான் பலகையை இறக்கினேன்.

அங்கே யாராவது ஆடக் கூப்பிட்டால் போ. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

பலகை இன்னும் சாப்பாட்டு மேசையில் 15-ஆவது நகர்த்தலில் நிற்கிறது. முறுக்கு பிழிய மேசை வேண்டும் என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்வரை கலைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் கூப்பிடு.

அப்பா