மகளே, தெளித்தால் போதும்

மேலப்பாளையம்

அஸ்ஸலாமு அலைக்கும் மகளே,

பிள்ளை மூத்திரம் போனால் தரையில் மூன்று பக்கெட் தண்ணீர் ஊற்றுகிறாயாம். பிறகு கை, பிறகு குழாய்த் திருகு, அதைத் தொட்டதற்காக மறுபடியும் கை. மாப்பிள்ளை போனில் சொன்னார்கள். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைச் செய்யவே அரை மணி நேரம் ஆகி, லுஹர் என்ற நண்பகல் தொழுகை அஸர் என்ற பிற்பகல் தொழுகை நேரம் வரை இழுக்கிறதாம். இதைப் பேணுதல் என்று நினைக்காதே கண்ணே. இது வஸ்வாஸ், சுத்தத்தைப் பற்றி ஓயாமல் சந்தேகப்படும் மன நோய்.

சட்டத்தை ஒருதரம் மட்டும் எழுதுகிறேன். நாம் ஷாஃபி மத்ஹபு, அதாவது இமாம் ஷாஃபியின் சட்டவழியைப் பின்பற்றுகிறவர்கள். ஆண் பிள்ளை, இரண்டு வயது முடியவில்லை, பாலைத் தவிர வேறு உணவு உண்ணத் தொடங்கவில்லை என்றால், அவன் மூத்திரம் இலேசான நஜீஸ் (மார்க்கச் சட்டப்படி அசுத்தம்). பிறந்தவுடன் தொட்டு வைத்த சேனையும் மருந்துச் சொட்டும் உணவுக் கணக்கில் வராது. நபித்தோழி உம்மு கைஸ் (ரலி) அவர்களின் கைக்குழந்தை நபி (ஸல்) அவர்களின் ஆடையில் சிறுநீர் கழித்தபோது, நபியவர்கள் தண்ணீர் வாங்கித் தெளித்தார்கள், கழுவவில்லை. புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் நூல்கள் இரண்டிலும் இருக்கிறது. நீ செய்ய வேண்டியது இதுதான்: ஈரத்தைத் துணியால் ஒற்றி எடு. பட்ட இடம் முழுக்க நனையும்படி தண்ணீர் தெளி. அது வழிந்தோட வேண்டியதில்லை, பிழியவும் வேண்டாம். மலத்துக்கு இந்தச் சலுகை இல்லை, கழுவத்தான் வேண்டும்.

கழுவும்போது நீ எங்கே சிக்குகிறாய் என்று எனக்குத் தெரியும். நஜீஸ் துணியைப் பக்கெட் தண்ணீருக்குள் முக்குகிறாய். இரண்டு குல்லத்துக்கு, அதாவது ஏறத்தாழ 200 லிட்டருக்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் விழுந்தால் அந்தத் தண்ணீரும் நஜீஸாகிவிடும். அதனால்தான் ஒரு துணியில் தொடங்கியது பக்கெட், கை, சுவர் என்று பரவுவதாகத் தோன்றுகிறது. துணி தண்ணீருக்குள் போகக் கூடாது, தண்ணீர் துணியின் மேல் வர வேண்டும். அழுக்கை முதலில் எடுத்துவிட்டு, துணியைக் குழாய்க்குக் கீழே பிடி. தண்ணீர் ஒருதரம் முழுக்க ஓடிவிட்டால் முடிந்தது. தேய்த்தும் போகாத மஞ்சள் கறைக்கு மன்னிப்பு உண்டு. துணி சுத்தமாகி, வழிந்த தண்ணீரின் நிறமோ மணமோ சுவையோ மாறாமல் இருந்தால், அந்தத் தண்ணீரும் சுத்தம். அது காலில் தெறித்தால் காலைக் கழுவ வேண்டாம். இப்படி அலசிய துணியை மற்றத் துணிகளோடு மிஷினில் போடு. மொட்டை மாடியில் 500 லிட்டர் டேங்க் இருக்கிறதே, அதன் தண்ணீர் மாறாத வரை அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தரைக்கு ஈர மாப்பை முதலில் போடாதே, அதுதான் மூத்திரத்தைப் பரப்புகிறது. காய்ந்த துணியால் துடைத்து எடுத்துவிட்டு, இவன் மூத்திரத்துக்குத் தெளி, மற்றதற்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றித் துடை. காய்ந்த நஜீஸ் காய்ந்த காலில் ஒட்டாது. ஈரக்காலோடு நடந்துவிட்டாயா? எந்த இடம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் உன் கால் சுத்தம்தான். தெருச் சேறு தெறிப்பதற்கே மன்னிப்பு இருக்கும்போது வீட்டுத் தரைக்கு இவ்வளவு பயமா?

ஒளுவுக்கு நபியவர்கள் 'முத்து' என்ற அந்தக் கால அளவில் ஒரு முத்து தண்ணீர்தான் எடுத்தார்கள், முக்கால் லிட்டர்கூட வராது. குழாயை மூடிவிட்டு, ஒரு லிட்டர் பிடிக்கிற செம்பை நிரப்பி வைத்துக்கொள். செம்பு தீர்ந்தால் ஒளுவும் முடிந்தது. முடித்தபிறகு வருகிற சந்தேகத்துக்காகத் திரும்பாதே. தொழுகையில் காற்றுப் பிரிந்ததுபோல் தோன்றினால், சத்தமோ நாற்றமோ இல்லாமல் தொழுகையை விடாதே என்பதுதான் ஹதீஸ். உறுதியாகத் தெரிந்தது சந்தேகத்தால் நீங்காது.

இவ்வளவும் தெரிந்தால் தீர்ந்துவிடுமா? தீராது. வஸ்வாஸ்காரருக்கு ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குத் தீனி. "ஒருவேளை ஒரு சொட்டு தெறித்திருந்தால்?" என்று ஆரம்பிக்கும். கழுவினால் கொஞ்ச நேரம் மனசு லேசாகும், அந்த லேசுதான் மறுபடியும் கழுவக் கூப்பிடுகிறது. ஷாஃபி இமாம்களில் இப்னு ஹஜர் அல்ஹைதமியிடம் வஸ்வாஸுக்கு மருந்து கேட்டபோது, மனதில் எவ்வளவு தடுமாற்றம் இருந்தாலும் அதை முழுதாகப் புறக்கணிப்பதே மருந்து என்றார்கள். மனநல மருத்துவர்களின் பயிற்சியும் ஏறக்குறைய இதே வழிதான். பயம் குறைவானதிலிருந்து தொடங்கு. பிள்ளை தவழ்ந்த காய்ந்த தரையைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல் இரு. நெஞ்சு படபடக்கும், ஏறும், பிறகு தானாக இறங்கும். நீ கழுவி இறக்கக் கூடாது. தினமும் செய். அது பழகினபிறகு குழாய்த் திருகு, அதன்பிறகு துணிக்கூடை.

தனியாக முடியாவிட்டால் மனநல டாக்டரைப் பார். பிரசவத்துக்குப் பிறகு இந்த நோய் தொடங்குவதும் கூடுவதும் உண்டு, ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்ததாக அர்த்தமில்லை. மாத்திரை தந்தால் பால் கொடுப்பதைச் சொல், அதற்கேற்ற மருந்து இருக்கிறது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், பத்து நாளில் நிறுத்திவிடாதே. 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஊருக்கு வந்தால் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன்.

இனி "உம்மா, இது நஜீஸா?" என்று போன் செய்தால் பதில் சொல்லமாட்டேன். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன், அவர்களும் சொல்லமாட்டார்கள். கோபம் இல்லை மகளே, நாங்கள் "இல்லை, சுத்தம்தான்" என்று சொல்லச் சொல்ல நோய்தான் வளர்கிறது. மற்ற எதைப் பற்றியும் எந்த நேரமும் கூப்பிடு.

பேரனுக்குச் சோறு ஊட்டத் தொடங்கும் நாளை மட்டும் எழுது. அன்றிலிருந்து தெளித்தால் போதாது, தண்ணீர் ஒருதரம் ஓட வேண்டும். ஒரே ஒருதரம்.

உன் உம்மா