ஃபார்மலினுக்கு முன் ஒரு துண்டு

அறுவை அரங்கு, நோய்க்குறியியல் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சைனோவியல் சார்கோமா என்னும் மென்திசுப் புற்று எவ்வளவு அரிது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெள்ளி மாலை அகற்றிய 9 செ.மீ. கட்டி ஒன்று, அறுக்காமல் முழுசாக, தன் அளவே உள்ள ஃபார்மலின் ஜாடியில் திணிக்கப்பட்டுத் திங்களன்று வந்து சேர்ந்தது. அதனால்தான் இந்த மடல்.

திசுவைக் கெடாமல் வைக்கும் இந்த ஃபார்மலின் அதற்குள் மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் இறங்கும், ஆழம் கூடக் கூட இன்னும் மெதுவாகும். அது நடுப்பகுதியை எட்டுவதற்குள் திசுவின் சொந்த நொதிகளே, மரபணுக்களின் இயக்கத்தைக் காட்டும் ஆர்.என்.ஏ.வைத் தின்று தீர்த்துவிடும். ஓரத்தில் எடுத்த மெல்லிய சீவலில், ஒளிரும் குறிகளால் மரபணுவைப் பார்க்கும் ஃபிஷ் சோதனை, இந்தப் புற்றின் அடையாளமான எஸ்எஸ்18 மரபணு முறிவைக் காட்டியது. நோயின் பெயர் உறுதியானது. எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதற்குத்தான் விடை இல்லை. 200 நியூக்ளியோடைடுக்கு (ஆர்.என்.ஏ. இழையின் கண்ணிகள்) மேல் நீளமுள்ள ஆர்.என்.ஏ. 30 சதவீதம்கூடத் தேறவில்லை.

இந்தப் புற்றில் கோளாறே அந்த இயக்கத்தில்தான் இருக்கிறது. முறிந்த எஸ்எஸ்18 வேறொரு மரபணுவோடு ஒட்டுவதால் உருவாகும் எஸ்எஸ்18-எஸ்எஸ்எக்ஸ் இணைவுப் புரதம், டி.என்.ஏ. சுருண்டிருக்கும் குரோமாட்டினைத் திறக்கும் பாஃப் என்ற புரதக் கூட்டமைப்பில் புகுந்து, உறங்க வேண்டிய மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. பரவும் வாய்ப்பைக் கணிக்கும் 67 மரபணுக்கள் கொண்ட சின்சார்க் பட்டியலுக்கும் ஆர்.என்.ஏ. வேண்டும். ‘மறுபடி அனுப்புங்கள்’ என்று எழுத முடியாது. கட்டி ஒன்று, அறுவை ஒருமுறை. கதிர்வீச்சுக்குப் பின் மீண்டும் முளைத்தாலும் அது பழைய கட்டி அல்ல.

கேட்பது ஃபார்மலினுக்கு முன் ஒரு துண்டு, அவ்வளவே. கட்டி உலர்ந்த டப்பாவில், ஐஸ் மேல், உடனே வரட்டும். விளிம்புகளுக்கு மை பூசிய பிறகு, விளிம்பைத் தொடாமல், திசு செத்துப்போன பகுதியைத் தவிர்த்து, அரை செ.மீ.க்குக் குறைவான துண்டு எடுத்து, அகற்றிய அரைமணிக்குள் திரவ நைட்ரஜனில் உறையவிட்டு மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒட்டிய பக்கத்துத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள். உறைய வைத்தது வெறும் தழும்பு என்று பிற்பாடு தெரிவதும் உண்டு. மீதியை அறுத்துத் திறந்து, திசுவைப் போல் பத்து மடங்கு அளவு பஃபர் ஃபார்மலினில், 6 முதல் 72 மணி நேரம் வையுங்கள்.

படிவத்தில் ‘அகற்றிய நேரம்’ கட்டம் காலியாகவே வருகிறது. கட்டண எண் மட்டும் ஒருமுறையும் விடுபட்டதில்லை. மரபணு வரிசையைப் படிக்கும் சீக்வென்சர் கருவியின் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் கிடைக்கிறது. கட்டியில் ஒரு துண்டு வெட்டக் கத்திக்குத்தான் பஞ்சம்.

பொறுத்தருள்க. வெள்ளி மாலைக்கும் ஒருவரை இந்தப் பணிக்கு அமர்த்தி, நேரத்தை எழுதச் சொல்லி, ஃபார்மலினுக்கு முன் ஒரு துண்டு எடுத்துவைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மரபணு ஆய்வகப் பணியாளர்கள்