முகாம் முதலில், பருப்பு அப்புறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோவின் ஆய்வுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2019-ல் அபிஜித் பானர்ஜி, மைக்கேல் க்ரெமர் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். அவரைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் உதய்ப்பூர் தடுப்பூசி ஆய்வைச் சொல்லும் இடத்தில், பருப்பைக் காட்டினால்தான் ஏழைத் தாய் பிள்ளைக்கு ஊசி போட வருவாள் என்ற தொனி வந்துவிட்டது. அது ஒருவகை லஞ்சம்தான் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 134 கிராமங்களில் நடத்திய ஆய்வு அது. முடிவுகள் 2010-ல் வெளிவந்தன. சில ஊர்களில் மாதம் தவறாமல் தடுப்பூசி முகாம் நடந்தது. வேறு சில ஊர்களில் அதே முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டு. மற்ற ஊர்களில் புதிதாக எதுவும் செய்யவில்லை. அந்த ஊர்களில் எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடித்த குழந்தைகள் 6 சதவீதம். முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18. பருப்பும் கொடுத்த ஊர்களில் 39.

எல்லோரும் அந்த 39-ஐத்தான் பேசுகிறார்கள். எனக்கு 18 தான் பெரிதாகப் படுகிறது. பருப்பும் இல்லை, தட்டும் இல்லை. சொன்ன நாளில் நர்ஸ் வருவார் என்ற நம்பிக்கை வந்ததுமே எண்ணிக்கை மூன்று மடங்காகிவிட்டது. அதற்குச் சில வருடங்களுக்கு முன் டுஃப்லோவும் பானர்ஜியும் ஆங்கஸ் டீட்டனும் அதே மாவட்டத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். துணை சுகாதார நிலையங்கள் வேலை நேரத்தில் 56 சதவீதம் பூட்டிக் கிடந்தன. எந்த நாளில் திறந்திருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. (நர்ஸை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஒரே ஆள் இருக்கிற நிலையத்தில் அவர் வீடு வீடாகப் பார்க்கக் கிளம்பினாலும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.) கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவள் அடுத்த தடவை யோசிக்கத்தானே செய்வாள்? அதை அறியாமை என்பது அநியாயம்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொரு விஷயமும் உண்டு. முதல் ஊசிக்கு வந்தவர்களைப் பார்த்தால், முகாம் மட்டும் நடந்த ஊருக்கும் பருப்பு கொடுத்த ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பருப்பு உதவியது பிந்தைய ஊசிகளில்தான். தாய்மார்களுக்கு ஊசி மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை, தொடங்கியதை முடிக்கத்தான் முடியவில்லை.

இது எங்களுக்குப் பழகிய சங்கதி. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று வரிசையாக ஊசி போட வேண்டும். எங்கள் பக்கம் புதன்கிழமை ஊசி நாள். புதன் காலை ஊசி போட்டால் ராத்திரி பிள்ளைக்கு உடம்பு கொதிக்கும், ஊசி போட்ட தொடை கல் மாதிரி வீங்கும். விடிய விடிய தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். வியாழக்கிழமை தாய் களையெடுக்கப் போக முடியாது, அன்றைய கூலி போச்சு. "நல்லா இருந்த புள்ளைய எதுக்குக் குத்திக்கிட்டு வந்தே?" என்று மாமியார் கேட்பார். காய்ச்சல் மருந்தைக் கையில் கொடுத்து, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று எவ்வளவு சொன்னாலும், அடுத்த ஊசிக்கு அந்தப் பெண் வருவது அந்த வீட்டைப் பொறுத்தது. ஊசியால் வராமல் போன தொண்டை அடைப்பானையும் கக்குவான் இருமலையும் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. காய்ச்சலை அன்று ராத்திரியே பார்க்கிறார்கள்.

உதய்ப்பூரில் அந்த ஒரு கிலோ பருப்பு சுமார் 40 ரூபாய் பெறும். நம்பிக்கையே இல்லாத ஊசியை 40 ரூபாய்க்காக எந்தத் தாயும் பிள்ளைக்குப் போட மாட்டாள். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவளை இந்த மாதமே கிளப்பிவிட அது போதும், அவ்வளவுதான். நம் மாநிலத்தில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்திலும் ஒரு பகுதிப் பணத்தைத் தடுப்பூசியோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். அதை நாம் லஞ்சம் என்கிறோமா?

ஏழைக்குத் தன் நல்லது தெரியாது என்று சொல்பவர்களுக்கு டுஃப்லோ 2012-ல் ஹார்வர்டு உரைகளில் பதில் சொல்லியிருக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் அதுதான். வசதியானவர்களுக்குக் குழாயில் சுத்தமான தண்ணீர் வருகிறது, உப்பில் அயோடின் கலந்தே வருகிறது, தடுப்பூசி அட்டையைப் பள்ளிக்கூடமே கேட்டு வாங்குகிறது. அவர்கள் ஒன்றும் தினம் யோசித்துச் சரியான முடிவெடுப்பதில்லை. அவர்களுக்காக யாரோ எப்போதோ முடிவெடுத்து வைத்துவிட்டார்கள். ஏழை மட்டும் தண்ணீரைக் காய்ச்சுவதா, ஊசி நாளுக்குக் கூலியை விடுவதா என்று ஒவ்வொன்றையும் தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, அதுவும் களைத்துப்போன உடம்போடு. தனிமனிதத் தேர்வு, சுதந்திரம் என்றெல்லாம் பேசும்போது இந்தச் சுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? க்ரெமரும் எட்வர்ட் மிகுவலும் கென்யாவில் பார்த்ததும் இதை ஒட்டியதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கான குடற்புழு மாத்திரைக்குச் சிறு கட்டணம் வைத்ததும், எடுத்துக்கொண்டவர்கள் 75 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்துபோனார்கள்.

இதற்காகப் பருப்பை எல்லா ஊரிலும் கொடுக்கச் சொல்லவில்லை. டுஃப்லோ குழுவினர் அப்புறம் ஹரியானாவில் 7 மாவட்டங்களில் பெரிய அளவில் ஆய்வு செய்தார்கள். ஊசிக்கு ஊசி கூடிக்கொண்டே போகும் ஊக்கத்தொகை, செல்பேசியில் நினைவூட்டல், ஊரில் செய்தியைப் பரப்பக்கூடிய ஆட்கள் என மூன்றையும் சேர்த்தபோதுதான் ஊசி எண்ணிக்கை அதிகம் உயர்ந்தது. ஆனால் செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் அதிகம் தந்தது ஊக்கத்தொகையே இல்லாத முறை. நினைவூட்டலும் அந்த ஆட்களும் மட்டும் போதுமாக இருந்தது. யார் அந்த ஆட்கள் என்று ஊர்க்காரர்களையே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எந்தத் துணை சுகாதார நிலையத்து நர்ஸைக் கேட்டாலும் அப்படி ஒருவரை உடனே காட்டுவார். எனக்கு அது தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருந்த ஓர் அக்கா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் மறுநாள் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்காது.

கட்டுரையாளர் இந்த ஹரியானா ஆய்வைப் பற்றியும் உங்கள் பத்திரிகையில் விரிவாக எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் ஏதாவது ஒரு கிராமத்தில் புதன்கிழமை காலை ஊசி போடும் இடத்தில் இருந்துவிட்டு, அங்கே வரும் தாய்மார்களிடமும், வராமல் போனவர்களின் வீட்டிலும் நேரில் பேசிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வந்தவாசி வட்டம்.